சீமாட்டிகளின் கல்யாணக் கணக்கு: ட்யூடர், ஸ்டூவர்ட் காலத் தாளுக்கு நான் படித்த விதம்

எம்.ஏ. வரலாற்றில் விருப்பத் தாள் தேர்ந்தெடுக்கும்போது பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குடும்ப வரலாறு என்றால் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அதிலும் பிரபு குலப் பெண்கள் பற்றிய பகுதி ஒரே மாதிரி பெயர்கள், முடிவில்லாத சொத்து வழக்குகள், யார் யாருக்கு எத்தனையாவது மனைவி என்ற குழப்பம். எனக்கு அந்தத் தாளில் அதிக மதிப்பெண் வாங்கித் தந்ததே இந்தப் பகுதிதான். இப்போது எடுத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் நான் படித்த விதத்தை எழுதிவிடுகிறேன்.

இதைக் காதல் கதையாகவும் படிக்காதீர்கள், கண்ணீர்க் கதையாகவும் படிக்காதீர்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். அப்பா செத்தால் என்ன, கணவன் செத்தால் என்ன, மகன் மைனராக இருந்தால் என்ன? இந்த மூன்று கேள்வியையும் ஒவ்வொரு பெண்ணின் வாழ்க்கையிலும் கேட்டுக்கொண்டே வந்தால், அவள் ஏன் அந்த ஆளைக் கட்டிக்கொண்டாள், ஏன் மகனுக்கு அவசர அவசரமாகப் பெண் பார்த்தாள் என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

அதற்கு நாலைந்து சட்டச் சொற்கள் கைவசம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெண் வீட்டார் கல்யாணத்தின்போது கொடுக்கும் பணம் போர்ஷன். கணவன் முந்திப் போய்விட்டால் அவள் ஆயுள் முழுக்க அனுபவிக்க என்று மாப்பிள்ளை வீட்டார் எழுதிவைக்கும் நில வருமானம் ஜாயின்ச்சர். அப்படி எதுவும் எழுதாத இடத்தில் பொதுச் சட்டம் விதவைக்குத் தரும் உரிமை டவர், அதாவது கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் அவள் உயிரோடு இருக்கும்வரை மட்டும். 1536இல் வந்த யூஸஸ் சட்டத்துக்குப் பிறகு, கல்யாணத்துக்கு முன்பே ஜாயின்ச்சர் எழுதி வாங்கியவள் டவர் கேட்க முடியாது. கணவன் இருக்கும்வரை மனைவிக்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற நிலையே இல்லை, அது கவர்ச்சர். அவளுடைய பணம், பண்டம் அவனுடையது, அவள் நிலத்தின் வருமானமும் அவன் கையில்தான். கடைசியாக வார்டு முறை. அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றிருந்தவர் வாரிசு மைனராக இருக்கும்போது இறந்தால், அந்தப் பிள்ளையின் பொறுப்பும் அதற்குக் கல்யாணம் பேசும் உரிமையும் அரசருக்குப் போகும், அரசர் அதை விற்றுக் காசாக்குவார். இதற்கென்றே 1540இல் தனி நீதிமன்றம் வைத்தார்கள், அது 1646 வரை நடந்தது.

சரி, இவ்வளவு தெரிந்தபின் இருபது பெண்களின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். எலிசபெத் ராணியின் காலத்தில் பிரபுக்களின் எண்ணிக்கையே ஏறக்குறைய 60தான். இரண்டு பேரை முழுசாகப் படியுங்கள், மூன்றாவதாக ஒருவரைத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய முதல் ஆள் பெஸ் ஆஃப் ஹார்ட்விக், சொந்தப் பெயர் எலிசபெத். பிறப்பால் பிரபு குலம்கூட இல்லை, டெர்பிஷயரில் சின்ன ஜமீன் குடும்பம். அப்பா 1528இல் இறந்தபோது தம்பி கைக்குழந்தை, உடனே நிலத்தின் ஒரு பகுதி வார்டு முறைக்குள் போய்விட்டது. அந்தக் கஷ்டத்தில் வளர்ந்த பெண் என்பதை மறக்காதீர்கள், பிற்பாடு அவர் செய்ததெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. முதல் கணவர் ராபர்ட் பார்லோ 1544இல் இறந்தார், அவரும் மைனர். மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க மறுத்தவர்கள்மேல் பெஸ் வழக்குப் போட்டு வாங்கினார். 1547இல் இரண்டாவது கல்யாணம், சர் வில்லியம் கேவண்டிஷோடு, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு (மாப்பிள்ளையே தன் குறிப்பேட்டில் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்). கேவண்டிஷ் மடாலயச் சொத்துகளைக் கணக்கெடுக்கும் வேலையில் சம்பாதித்த அதிகாரி. 1549இல் சாட்ஸ்வொர்த்தை 600 பவுண்டுக்கு வாங்கினார்கள். அவர் 1557இல் போனபோது ஆறு பிள்ளைகளையும், அரசுக்குக் கட்ட வேண்டிய 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட கடனையும் விட்டுப் போனார்.

இங்கேதான் மூன்றாவது, நான்காவது கல்யாணத்தின் கணக்கு வருகிறது. 1559இல் ராணியின் காவல் படைத் தலைவர் சர் வில்லியம் செயின்ட் லோ, அவர் தன் தம்பியையும் சொந்த மகள்களையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் பெஸ்ஸுக்கே எழுதிவைத்தார். அப்புறம் ஷ்ரூஸ்பரி பிரபு ஜார்ஜ் டால்பட், நாட்டிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர். அவரைக் கட்டிக்கொள்வதோடு பெஸ் நிற்கவில்லை. 1568 பிப்ரவரியில் தன் மகன் ஹென்றிக்கு அவர் மகள் கிரேஸையும், தன் மகள் மேரிக்கு அவர் மகன் கில்பர்ட்டையும் முடித்துவைத்தார். மேரிக்கு அப்போது 12 வயது, கிரேஸ் அதைவிடச் சின்னவள். நம் ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்பார்களே, ஏறக்குறைய அதேதான், ஆனால் இங்கே பெற்றோரும் சேர்ந்தே கட்டிக்கொண்டார்கள்.

இந்த 12 வயது விஷயத்தைத் தேர்வில் கவனமாக எழுதுங்கள். பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 என்பது சட்டம் அனுமதித்த வயது. அதை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் 12 வயதில் கல்யாணம் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். சொத்து இணைப்புக்காகச் சில வீடுகளில் நடந்தது, பெரும்பாலான பிரபு குலப் பெண்கள் பதின்பருவக் கடைசியிலோ இருபதுகளிலோதான் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாதாரண ஜனங்கள் இன்னும் தாமதம்.

இரண்டாவது ஆள் ஆன் கிளிஃபர்ட், எனக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்கும். 1590இல் பிறந்தவர், கம்பர்லேண்ட் பிரபுவின் உயிரோடிருந்த ஒரே பிள்ளை. அப்பா 1605இல் இறக்கும்போது வடக்கே இருந்த கோட்டைகளையும் நிலங்களையும் தன் தம்பிக்கு எழுதிவிட்டு மகளுக்கு 15,000 பவுண்டு போர்ஷன் வைத்தார். ஆனால் இரண்டாம் எட்வர்ட் காலத்துப் பழைய பத்திரம் ஒன்றின்படி அந்த நிலம் ஆணோ பெண்ணோ நேர் வாரிசுக்குத்தான் போக வேண்டும். அம்மா மார்கரெட் பத்திரங்களைத் தேடித் தொகுத்து வழக்கைத் தொடங்கினார், மகள் ஆயுள் முழுக்க விடவில்லை.

1609இல் ஆன் கிளிஃபர்டைக் கட்டிய டோர்செட் பிரபு ரிச்சர்ட் சாக்வில் பெரிய செலவாளி. நிலத்தைவிட, நிலத்தை விட்டுக்கொடுத்தால் வரும் ரொக்கம்தான் அவருக்கு வேண்டும். ஆன் எழுதிய 1616, 1617இன் நாட்குறிப்பைப் படித்தால் கவர்ச்சர் என்பது ஒரு வீட்டுக்குள் எப்படி வேலை செய்தது என்று கண்ணால் பார்க்கலாம். கணவர் லண்டனில் சேவல் சண்டை, நாடகம், குதிரைப் பந்தயம் என்று சுற்றுகிறார். மனைவி கிராமத்தில் நோல் மாளிகையில் தனியாக இருந்துகொண்டு தன்னைப் பாழிடத்து ஆந்தை என்று எழுதிக்கொள்கிறார், அது பைபிளின் 102ஆம் சங்கீதத்து உவமை. 1616 மே மாதத்தில் இரண்டு வயதுகூட ஆகாத மகளை அவரிடமிருந்து பிரித்து அனுப்பச் சொல்லி ஆள் வருகிறது. அந்த மாதமே வடக்கே அம்மாவும் இறந்துபோகிறார். அடுத்த ஜனவரியில் ஜேம்ஸ் அரசர் முன்னால் நிறுத்தி ஒத்துக்கொள்ளச் சொன்னபோது, உயிரோடு இருக்கும்வரை வெஸ்ட்மோர்லேண்டை (வடக்கே அந்த நிலம் இருந்த பகுதி) விட மாட்டேன், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். விஷயத்தை அரசர் கையில் முழுசாக விட்டுவிடாதே, ஏமாற்றிவிடுவார் என்று முன்கூட்டியே எச்சரித்தவர் வேறு யாருமில்லை, அரசரின் மனைவியேதான்! தீர்ப்பு சித்தப்பா பக்கம் போனது, கணவர் கோபத்தில் ஜாயின்ச்சரையும் ரத்து செய்தார். அப்படியும் ஆன் கையெழுத்துப் போடவில்லை.

பிறகு நடந்தது காத்திருப்புதான். டோர்செட் 1624இல் இறந்தார். 1630இல் பெம்புரோக் பிரபுவோடு இரண்டாவது கல்யாணம், அதுவும் சரிப்பட்டு வரவில்லை. 1643இல் சித்தப்பாவின் மகன் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் நிலம் தானாகவே ஆனிடம் வந்தது. உள்நாட்டுப் போர் ஓய்ந்து 1649இல் வடக்கே போனவர், 1676இல் சாகும்வரை ஸ்கிப்டன், ஆப்பிள்பி, ப்ரூம் என்று கோட்டை கோட்டையாகப் பழுதுபார்த்தார். இரண்டு கணவர்கள் வழியாகவும் வந்த விதவை வருமானம் அதற்கு உதவியது என்பதை விடைத்தாளில் கட்டாயம் எழுதுங்கள், பலர் விட்டுவிடும் இடம் அது. அம்மாவைக் கடைசியாகப் பிரிந்த இடத்தில் 1656இல் ஒரு தூணும் நிறுத்தினார், ஆண்டுதோறும் ஏப்ரல் 2 அன்று ஏழைகளுக்கு நாலு பவுண்டு கொடுக்க ஏற்பாடு.

தொட்டுக்கொள்ள நான் வைத்திருந்தவர் கேத்தரின் கிரே. எது செல்லுபடியாகும் கல்யாணம் என்ற கேள்விக்கு இவர் போதும். 1560இல் ஹெர்ட்ஃபோர்ட் பிரபுவை ரகசியமாகக் கட்டிக்கொண்டார். சாட்சியாக நின்ற நாத்தனார் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார், பாதிரியாரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அரச வாரிசு வரிசையில் இருந்த பெண் என்பதால் ராணி இருவரையும் லண்டன் கோபுரச் சிறையில் போட்டார், முதல் பிள்ளை அங்கேயே பிறந்தது, 1562இல் கல்யாணமே செல்லாது என்று தீர்ப்பு.

படிக்கும்போது இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று பெயர். ஒரே பெண் ஹார்ட்விக், பார்லோ, கேவண்டிஷ், செயின்ட் லோ, ஷ்ரூஸ்பரி என்று ஐந்து பெயரில் வருவார், அதனால் ஒரு தாளில் கல்யாண ஆண்டுகளைக் கோடு போட்டு எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். இன்னொன்று தேதி. அங்கே அப்போது ஆண்டு மார்ச் 25இல்தான் மாறும். பெஸ் இறந்தது 1608 பிப்ரவரி என்று ஒரு புத்தகத்திலும் 1607 என்று பழைய ஆவணத்திலும் பார்த்துப் பதற வேண்டாம், இரண்டும் ஒன்றே. பெஸ்ஸின் கடிதங்கள் 200க்கும் மேல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத் திட்டம் வழியாக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கைப்படியின் படத்தைப் பார்த்துத் தலை சுற்றினாலும் பக்கத்திலேயே படியெடுத்த பிரதி இருக்கிறது. பாடநூல் சுருக்கத்தைவிட நாலு கடிதம் மேல்.

பெண்களுக்கு அதிகாரம் இருந்ததா இல்லையா என்ற கேள்வி ஏதோ ஒரு வடிவில் வந்தே தீரும். ஆம் அல்லது இல்லை என்று எழுதாதீர்கள். கன்னி, மனைவி, விதவை என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சட்டம் என்ன சொன்னது, நடைமுறையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். கணவன் ஊரில் இல்லாதபோது பண்ணை, கணக்கு, குத்தகைக்காரர், வழக்கு எல்லாவற்றையும் பார்த்தது இந்த மனைவிகள்தான் என்பதற்குக் கடிதங்களே சாட்சி. பொதுச் சட்டத்தை விட்டு நியாயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன சான்சரி நீதிமன்றம் வழியாக அறங்காவலர் பெயரில் மனைவிக்கென்று தனிச் சொத்து ஒதுக்கும் வழியும் மெல்ல வளர்ந்தது, அதற்கு ஒரு பத்தி கொடுங்கள்.

பாசம் இருந்ததா என்று கேட்டால் கடிதத்தை வைத்து மட்டும் பேசுங்கள். செயின்ட் லோ பெஸ்ஸுக்கு எழுதியதெல்லாம் கொஞ்சல். ஷ்ரூஸ்பரியும் ஆரம்பத்தில் அப்படித்தான். 1569 முதல் பதினைந்து ஆண்டுகள் ஸ்காட்லாந்தின் மேரி ராணியைக் காவலில் வைத்துப் பராமரிக்கும் செலவும் சந்தேகமும் நிலத் தகராறும் சேர்ந்து, 1580களில் இருவரும் பிரிந்தே வாழ்ந்தார்கள். அந்தக் காலத்தில் சேர்ந்து வாழ வேண்டாம் என்று திருச்சபை நீதிமன்றம் அனுமதிக்கலாம், மறுமணத்துக்கு வழி கிடையாது. 1590இல் லிச்ஃபீல்ட் பிஷப் ஷ்ரூஸ்பரிக்குச் சமாதானம் சொல்லி எழுதிய கடிதத்தை மட்டும் தேடிப் படித்துவிடுங்கள். உங்கள் மனைவி வாய்த்துடுக்கானவர் என்று சிலர் சொல்லலாம், ஆனால் அதுவே பிரிவதற்குக் காரணம் என்றால் இங்கிலாந்தில் அதிக நாள் மனைவியோடு இருக்கும் ஆண்கள் சிலரே என்கிறார் அவர். பிஷப்பின் புத்திமதி பலிக்கவில்லை. ஷ்ரூஸ்பரி அந்த நவம்பரிலேயே இறந்தார், பெஸ்ஸின் விதவைப் பங்கு கைக்கு வந்தது. ஹார்ட்விக்கில் புது மாளிகை எழும்பி, 1597இல் அவர் குடியேறியபோது அதன் கோபுர உச்சிகளில் எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்பதன் முதலெழுத்துகள் கல்லில் நின்றன.