பலாக்கட்டையில் எத்தனை கிட்டார்?

பண்ருட்டிப் பக்கம் உறவினர் தோட்டத்தில் காற்றில் சாய்ந்த பலா அது. அடிமரத்தில் ஆறடி எனக்குக் கிடைத்தது. சுற்றளவு 60 அங்குலம். மில்காரர் வாய்க்கணக்காகவே போட்டார்: சுற்றளவில் கால் பங்கு 15, பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கி, 144 ஆல் வகுத்து, ஆறால் பெருக்கினால் ஒன்பதே கால் கன அடிக்குச் சற்று மேல். கிட்டாரின் முதுகுக்கும் விலாவுக்கும் (பக்கப் பலகைகளுக்கும்) பத்தில் ஒரு கன அடி போதும். தொண்ணூறு கிட்டார்! வீடு வரும்வரை அந்தக் கனவில் இருந்தேன்.

மறுநாள் வெட்டுமுகத்தில் அளவுகோலை வைத்தேன். நடுவிலிருந்து விளிம்புவரை 24 செ.மீ. பட்டையும் அதையொட்டிய வெளிர்மரமும் ஐந்து போயின. நடுவில் நட்சத்திரமாக வெடித்திருந்த பகுதிக்கு மூன்று. மிச்சம் 16 செ.மீ. வைரம் பாய்ந்த உள்மரம். முதுகை இரண்டு பலகையாக ஒட்டுவதுதான் வழக்கம். ஒவ்வொன்றும் 20 செ.மீ. அகலம் வேண்டும். அதுவும் ஆரத்தின் போக்கில், அதாவது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, அறுத்ததாக இருக்க வேண்டும். வளர்ச்சி வளையங்களின் போக்கில் மரம் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்குவதால் மற்றப் பலகைகள் கோணிவிடும். ஆக, தொண்ணூறு ஒரே இரவில் பூஜ்யமாயிற்று.

வீணை செய்கிறவர்கள் பலாவைக் குடைந்தே குடம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டின் 1965 இல் டி-35 கிட்டாருக்கு மூன்று துண்டு முதுகு வைத்தது. அகலமான பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதே காரணம். அந்த வழி எனக்கும் பொருந்தியது: 14 செ.மீ. அகலத்தில் மூன்று துண்டுகள். விலாவுக்கு 12 செ.மீ. போதும்.

கட்டையை நான்காகப் பிளந்து அறுத்தோம். ஐந்து மி.மீ. கேட்டேன், ஒரே பலகை ஒரு முனையில் ஐந்தும் மறுமுனையில் எட்டுமாக வந்தது. சட்டையெல்லாம் மஞ்சள் தூள், துவைத்தும் போகவில்லை. முனைகளில் மெழுகு பூச ஒருநாள் தாமதித்தது என் தவறு. நான்கு அங்குலம்வரை வெடிப்பு ஓடிவிட்டது. கணு விழுந்தவற்றையும் ரேகை முறுக்கியவற்றையும் கழித்தபின் நான்கு கிட்டாருக்கான பலகைகள் தேறின.

பலகைகள் உலர, இடையிடையே குச்சி வைத்து அடுக்கியிருக்கிறேன். ஒரு பலகையை மட்டும் வாரந்தோறும் எடை போடுகிறேன். எடை குறைவது நின்றால்தான் இழைப்புளியைத் தொடுவேன். நேற்றும் இருபது கிராம் குறைந்திருக்கிறது.