நெவாடாவின் 50-ஆம் நெடுஞ்சாலையும் என் காரின் சிக்னல் பூஸ்டரும்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தைக் குறுக்காகக் கடக்கும் 50-ஆம் எண் நெடுஞ்சாலையை, 1986-இல் ‘லைஃப்’ இதழ் நாட்டிலேயே மிகத் தனிமையான சாலை என்று குறிப்பிட்டது. வேலை நிமித்தமாக மாதம் இருமுறை ஃபாலன் நகரிலிருந்து ஈலி நகர் வரை அதில் கார் ஓட்டுகிறேன். ஃபாலனுக்கும் வழியில் உள்ள ஆஸ்டின் என்ற ஊருக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 110 மைல். மலைத்தொடரும் பள்ளத்தாக்கும் மாறி மாறி வருவதால் கைப்பேசி அடிக்கடி செயலற்றுப் போகும். சென்ற குளிர்காலத்தில் பனி கொட்டிய ஒரு மாலையில், என் மனைவி நான்கு மணி நேரம் முயன்றும் என்னிடம் பேச முடியவில்லை. அதன் பிறகே, கைப்பேசி சிக்னலைப் பெருக்கும் கருவியான பூஸ்டரைக் காரில் பொருத்த முடிவு செய்தேன்.

வாங்குமுன் இரண்டு பயணங்களில் சிக்னலை அளந்து குறித்துக்கொண்டேன். திரையில் தெரியும் கோடுகளை நம்பாமல், ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதியில் காட்டப்படும் டிபிஎம் அளவை, அதாவது சிக்னலின் வலிமையைக் குறிக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். மைனஸ் 90 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 115-இல் பேச்சு அறுந்து அறுந்து வரும். பூஸ்டர் இருப்பதைப் பெருக்குமே தவிர இல்லாததை உண்டாக்காது என்பதால், இந்தக் கணக்கெடுப்பு அவசியம். என் வழியில் பல இடங்களில் மெலிந்த சிக்னலாவது இருந்தது.

கருவியின் அமைப்பு எளியது: கூரைமேல் ஒரு ஆன்டெனா, இருக்கைக்கு அடியில் பெருக்கி, கைப்பேசிக்கு அருகில் ஒரு சிறிய உள் ஆன்டெனா. டவரிலிருந்து வருவதைப் போலவே, கைப்பேசி டவருக்கு அனுப்புவதையும் அது பெருக்குகிறது. எல்லா நிறுவனங்களின் அலைவரிசைகளுக்கும் பொதுவான வாகன பூஸ்டர்களுக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் பெருக்கத்துக்கு 50 டெசிபெல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதாவது சிக்னலின் திறனில் ஒரு லட்சம் மடங்கு. பயன்படுத்தும் முன் நம் தொலைபேசி நிறுவனத்திடம் கருவியைப் பதிவு செய்வதும் கட்டாயம். இணையத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

என்னைத் தவிக்கவைத்தது ஆன்டெனாவின் இடம்தான். என் காரின் கூரையில் பெரும்பகுதி கண்ணாடி. வெளி ஆன்டெனாவின் காந்த அடி அதில் ஒட்டாது என்பதால், பின்புற டிக்கியின் மூடிமேல் வைத்தேன். பூஸ்டரின் விளக்கு உடனே சிவந்தது. உள் ஆன்டெனா வெளியிடும் சிக்னலை வெளி ஆன்டெனா பின்கண்ணாடி வழியே திரும்ப வாங்கிக்கொள்ள, மைக்கின் அருகில் ஒலிபெருக்கி வைத்தால் கூச்சலிடுவதைப் போன்ற சுழற்சி உண்டாகி, கருவி தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. விற்ற கடையில் இதை யாரும் சொல்லவில்லை. அது எனக்கு வருத்தமே. வெளி ஆன்டெனாவைக் கூரையின் பின் ஓரத்து இரும்புப் பட்டைக்கும், உள் ஆன்டெனாவை முன்பலகைக்கும் மாற்றியபின் விளக்கு பச்சையானது. அந்த உலோகப் பட்டை இரண்டுக்கும் நடுவே தடுப்பாக நிற்பதோடு, வெளி ஆன்டெனா நன்கு இயங்கத் தேவையான தளமாகவும் அமைகிறது.

மைனஸ் 115 இருந்த இடங்களில் இப்போது கைப்பேசி மைனஸ் 98 வரை காட்டுகிறது. ஆனால் உள் ஆன்டெனாவுக்கு ஓரிரு அடிக்குள் இருந்தால்தான். பின்னிருக்கையில் பயன் மிகக் குறைவு.

இதைக் கேள்விப்பட்ட தம்பி ஊருக்கு ஒன்று வாங்கிவரச் சொன்னான். இந்தியாவில் தனிநபர்கள் உரிமமின்றி இதை வைத்திருப்பதே சட்டவிரோதம் என்பதால் மறுத்துவிட்டேன்.

ஆஸ்டினுக்குக் கிழக்கே இரண்டு பள்ளத்தாக்குகளில் இன்றும் எதுவும் கிடைப்பதில்லை. அவற்றுள் இறங்குமுன், கடைசியாகச் சிக்னல் கிடைக்கும் மேட்டில் வண்டியை நிறுத்தி, வெளியே வரும் நேரத்தை மனைவிக்கு எழுதி அனுப்புகிறேன்.