ஒர்த்தோனாவில் நம்ம தோமையார்

சென்னை சாந்தோமில், இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறையில் முழந்தாளிட்டவர்கள் பலரும், "அப்போ உடம்பு எங்கே?" என்று ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். அவருடைய திருப்பண்டங்களில், அதாவது எலும்புகளில், பெரும்பகுதி இத்தாலியில், அட்ரியாட்டிக் கடலோரத்து ஒர்த்தோனாவில் இருக்கிறது. பெஸ்காராவிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். துறைமுகம் கீழே, ஊர் மேட்டின் மேலே. ரோமுக்குத் திருப்பயணம் போகிற நம் ஆட்கள் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

புனித தோமா பேராலயத்தின் நிலவறைக்குப் படியிறங்கிப் போக வேண்டும். பீடத்தில் தங்க முலாம் பூசிய செம்புப் பேழை, அதில் தோமையாரின் ஓவியம். உள்ளே எலும்புகள். அவ்வளவுதான், வேறு ஆடம்பரம் இல்லை. சின்னமலையிலும் பரங்கிமலையிலும் சின்ன வயதிலிருந்து யாரை வேண்டிக்கொண்டேனோ, அவர் ஒரு கை தூரத்தில் இருக்கிறார் என்றதும் மனப்பாடமாய் வரும் செபம்கூட வரவில்லை. "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்று உயிர்த்த இயேசுவிடம் அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிச் சொன்னேன், தமிழில், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்தில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த பாட்டி திரும்பிப் பார்த்து, "இந்தியா?" என்றார். தலையாட்டினேன். பேழையைக் காட்டி ஏதோ சொன்னார். புரியவில்லை, ஆனால் சிரிப்பில் உரிமை இருந்தது.

மயிலையிலிருந்து இவர் இங்கே வந்து சேர்ந்த வழி நீளம். மரபுப்படி 3ஆம் நூற்றாண்டில் எடெஸ்ஸாவுக்குப் போனார். இன்று அது துருக்கியில் இருக்கிறது. அங்கிருந்து கிரேக்கத்தின் கியோஸ் தீவு. 1258இல் வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த சண்டையில் ஒர்த்தோனாக் கப்பல்களும் கியோஸ் பக்கம் போயிருந்தன. கப்பல் தலைவர் லியோனே அங்கே கோயிலுக்குச் செபிக்கப் போனபோது, ஒரு கை அவரை அருகே வரச்சொல்லி அழைத்ததாம். எலும்புகளையும் கல்லறைக் கல்லையும் ஏற்றிக்கொண்டு செப்டம்பர் 6ஆம் தேதி ஊர் வந்து சேர்ந்தார்கள். எல்லாம் திருவுளம் என்கிறது ஒர்த்தோனா. கியோஸ்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்!

அந்தக் கல்லையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். ஆசீர்வதிக்கும் கையோடு புனிதரின் உருவம், பக்கத்தில் அவர் பெயர் கிரேக்க எழுத்தில்.

கோயில் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1566இல் துருக்கியப் படை தீ வைத்தது. இரண்டாம் உலகப் போரில், 1943 டிசம்பரில் கனடாப் படைக்கும் ஜெர்மன் படைக்கும் தெருத்தெருவாக, வீடுவீடாகச் சண்டை; குட்டி ஸ்டாலின்கிராட் என்றே பத்திரிகைகள் எழுதின. பேராலயத்தில் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. இப்போது நாம் பார்ப்பது போருக்குப் பிறகு எடுத்துக் கட்டியது. ஊருக்கு வெளியே, மோரோ ஆற்றுப் பக்கம் கனடா வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1,300க்கும் மேற்பட்ட கல்லறைகள். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். அங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம்.

நேரம் வாய்த்தால் மே முதல் ஞாயிறை ஒட்டிப் போங்கள். 'பெர்தோனோ' (மன்னிப்பு) திருவிழா அப்போதுதான். வெள்ளிச் சாவிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து, தோமையாரின் வெள்ளித் திருவுருவம் இருக்கும் சிற்றாலயத்தைத் திறப்பார்கள். மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுவது நல்லது. மத்தியானம் கோயிலைப் பூட்டிவிடுகிற பழக்கம் அந்தப் பக்கம் உண்டு.