உத்வாடாவில் ஒரு ஜப்லா

உத்வாடா தெற்கு குஜராத்தில் வல்சாட் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர். ஈரானிலிருந்து வந்து குடியேறிய ஜரதுஷ்டிர மதத்தாரான பார்சிகளின் மிகப் புனிதமான ஈரான்ஷா நெருப்பு 1742 முதல் இங்குள்ள ஆலயத்தில்தான் எரிகிறது. வேற்று மதத்தாருக்கு ஆலயத்துக்குள் அனுமதி இல்லை. வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு, என் மும்பைத் தோழியின் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் சுண்ணப்பொடியால் மீன் கோலம் போட்டிருந்தது.

“உட்கார் டீக்ரா” என்று சொல்லி, மல் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார் ஆன்ட்டி. உள்ளே ஊதாப் பட்டில் ஒரு ஜப்லா.

நம் ஊர்க் கடைகளில் ஜப்லா என்று கேட்டால், பிறந்த குழந்தைக்கு முடிச்சுப் போட்டுக் கட்டும் பருத்திச் சட்டையைத் தருவார்கள். பார்சிக் குழந்தைகளின் ஜப்லா தளர்வாகத் தொங்கும் பட்டு மேலாடை. கீழே இஜார் என்ற கால்சட்டை, தலைக்குப் பூவேலை செய்த தொப்பி. ஆன்ட்டியின் அம்மா சிறுமியாக இருந்தபோது போட்டது இது. பிறகு ஆன்ட்டியும் போட்டிருக்கிறார்.

அதன் விளிம்பு முழுக்கச் சேவலும் கோழியும். பார்சிகளுக்குச் சேவல் புனிதமான பறவை. விடியலில் கூவி இருளையும் தீய சக்திகளையும் விரட்டும் என்பது நம்பிக்கை. குழந்தையின் உடம்பைச் சுற்றி அதைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு இறகிலும் வெள்ளையிலிருந்து பழுப்பு வரை நிறம் மெல்ல மெல்ல மாறுகிறது. துணியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் தொங்கும் நூல் ஒன்றுகூட இல்லை! பூக்களின் நடுவில் கடுகைவிடச் சிறிய நூல் முடிச்சுகள். தைப்பவர்களின் கண்பார்வையையே பறித்துவிடும் என்று சொல்லப்பட்ட தையல் அது.

இந்தக் கைவேலை சீனாவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பார்சி வணிகர்கள் பருத்தியும் அபினியும் ஏற்றிக்கொண்டு கான்டனுக்குப் போனார்கள். வரும்போது பூவேலை செய்த பட்டும் கொண்டுவந்தார்கள். பார்சிப் பெண்கள் உடுத்தும் பூவேலைப் பட்டான காரா சேலைகளும் அப்படி வந்தவைதான். அப்புறம் சீன வியாபாரிகளே துணி மூட்டையோடு வீடு வீடாக வந்தார்கள். அவர்களிடம் பார்த்துப் பார்த்துப் பார்சிப் பெண்கள் தாங்களே தைக்கத் தொடங்கினார்கள். அபினி வணிகத்தின் கொடுமையை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. ஆனாலும் அந்தப் பெண்களின் பொறுமை இந்தத் துணியில் அப்படியே இருக்கிறது.

குழந்தையை மதத்தில் சேர்க்கும் நவ்ஜோத் சடங்கு வரைதான் ஜப்லா. அதன் பிறகு உள்ளே சுத்ரே என்ற வெள்ளைச் சட்டை, இடுப்பில் 72 இழைகளால் நெய்த குஸ்தி என்ற புனிதக் கயிறு.

கழுத்தோரம் மங்கலாக ஒரு கறை. “பால். நானோ, அம்மாவோ” என்றார் ஆன்ட்டி. அதைப் போக்க அவர் முயன்றதே இல்லையாம்.

ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுகிறார். அன்று ஒரு முனையை என் கையில் கொடுத்தார். சேவல்கள் மடியாத இடமாகப் பார்த்து, இருவரும் மடித்தோம்.