அப்பாவின் ஜனதா, கியர் நாபுக்குள்

கியர் நாப் ஒருவழியாக வண்டியில் ஏறிவிட்டது. வண்டி பழைய ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் மேனுவல். கியர் கம்பியின் தலையில் திருகும் இந்தக் குமிழை, ஹார்டனர் என்ற திரவம் கலந்தால் கண்ணாடி மாதிரி இறுகும் எபாக்சி ரெசினில் வார்த்தேன். அதற்குள் இருப்பது அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம். இன்னும் ஒன்றிரண்டு வேலைகள் பாக்கி. ஆனால் இதே ஆசை உள்ளவர்களுக்கு உதவும் என்பதால், இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

ஜனதாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா சாவி கொடுத்து ஓட்டும் ரகம், உள்ளே தேய்மானம் குறைக்கும் 17 சிறு கற்கள். அந்தக் கடிகாரப் பிரிவை 2016-ல் மூடிவிட்டார்கள். அப்பா கோயம்புத்தூரில் ஒரு மில்லில் ஃபிட்டர். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே சாவி கொடுப்பார். அவர் காலமான பிறகு கடிகாரம் பீரோவில் கிடந்து, ஈரம் ஏறி, உள்ளே துருப்பிடித்துவிட்டது. வாட்ச் ரிப்பேர் செய்பவர் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, ஓட வைக்க வேண்டுமென்றால் உள்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். அப்படி மாற்றினால் அது அப்பாவின் கடிகாரமாக இருக்காது. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, தினமும் கைக்கு அருகே இருக்கட்டும் என்று அப்போதுதான் தீர்மானித்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். “உள்ள போட்டா அப்புறம் எடுக்கவே முடியாதா கண்ணு?” என்றார்.

“முடியாதுங்கம்மா.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, கூடும் பட்டையும் எங்கிட்ட இருக்கட்டும்” என்றார். நினைவுப் பொருள் எதையும் ரெசினில் போடுவதற்கு முன் வீட்டில் எல்லோரிடமும் இதைக் கேட்டுவிடுவது நல்லது. எபாக்சி இறுகிவிட்டால் உடைக்காமல் எடுக்க வழியே இல்லை.

அளவுகளில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தெளிவான ரெசின் உருண்டை ஒரு லென்ஸாக வேலை செய்கிறது. நடு மையத்தில் வைத்த பொருள், ரெசினின் ஒளிவிலகல் எண் எவ்வளவோ அவ்வளவு மடங்கு பெரிதாகத் தெரியும். எபாக்சிக்கு அது ஏறத்தாழ 1.5. என் காலிப்பரில் கடிகாரத்தின் உள்பாகம் 26 மி.மீ.; 50 மி.மீ. உருண்டைக்குள் அது 39 மி.மீ. போலத் தெரியும். அதனால் சின்னப் பொருளே போதும். மோதிரம், நாணயம், சட்டைப் பொத்தான் எல்லாமே உருண்டையை நிறைத்துக்கொண்டு தெரியும்.

சிக்கல் கீழ்ப்பக்கம்தான். முழு உருண்டையாகச் செய்தால் கடிகாரத்துக்குக் கீழே 12 மி.மீ. இடம்தான் மிஞ்சும், கியர் கம்பியில் திருகுவதற்கான மரை பிடிக்க அது பத்தாது. அதனால் மேலே உருண்டை, கீழே கழுத்து என்று 65 மி.மீ. உயரத்துக்கு வடிவத்தை மாற்றினேன். மேலே தெளிவான ரெசின், கழுத்தில் கறுப்பு நிறமி கலந்த ரெசின். மரைக்காகக் கழுத்துக்குள் பதிக்கும் பித்தளைத் துண்டு அந்தக் கறுப்பில் மறைந்துவிடும்.

அந்தப் பித்தளைத் துண்டை கோயம்புத்தூர் கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். ஹோண்டா மேனுவல் வண்டிகளுக்கு மரை 10 மி.மீ., பிட்ச் (மரையின் இரண்டு வரிகளுக்கு இடையே உள்ள தூரம்) 1.5 மி.மீ. டொயோட்டாவுக்கு 12 மி.மீ., பிட்ச் 1.25. உங்கள் வண்டி எதுவாக இருந்தாலும் பழைய நாபைக் கழற்றி பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். 8.5 மி.மீ. துளை போட்டு, டேப் அடித்து உள்மரை வெட்டி, வெளிப்பக்கம் நர்லிங் என்ற சொரசொரப்பான வரிகள் போட்டு, நடுவில் ஒரு பள்ளமும் வெட்டித் தந்தார்கள். நர்லிங் இருந்தால் துண்டு ரெசினுக்குள் சுற்றாது, பள்ளம் இருந்தால் மேலே உருவி வராது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் விசை முழுவதும் இந்தத் துண்டில்தான் விழுகிறது. இதில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். ரெசினிலேயே நேரடியாக மரை வெட்டலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுப்பதற்காக, அதே பட்டறையில் நைலானில் நாபின் மாதிரி ஒன்றும் கடைந்து தந்தார்கள். மாதிரி எவ்வளவு வழவழப்போ, சிலிக்கான் அச்சும் அவ்வளவு வழவழப்பாக வரும் என்பதால் அதை நன்றாக பஃப் செய்து பளபளப்பாக்கினேன். அச்சில் நாப் தலைகீழாக, கழுத்து மேலே இருக்கும்படி வார்க்க வேண்டும்.

கடிகாரத்தைத் தயார் செய்வதில்தான் அதிக நேரம் போனது. ஸ்பிரிங்கில் மிச்சமிருந்த முறுக்கைத் தளர்த்தி, கூட்டிலிருந்து எடுத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக வாட்ச் ரிப்பேர் செய்பவரே கழுவித் தந்தார். எண்ணெய் இருந்தால் ரெசின் ஒட்டாது, பிறகு அந்த இடம் வெள்ளி மாதிரி மின்னும். துருவில் தளர்ந்திருந்ததை மட்டும் எடுத்தோம், மற்றதை அப்படியே விட்டோம். அந்தத் துருவும் அதன் வயதுதானே. சாவித் திருகையும் கழற்றவில்லை, அப்பாவின் விரல் தினமும் பட்ட இடம் அது.

பல்சக்கரங்களுக்கு இடையில் ஒளிந்திருக்கும் காற்றுதான் இந்த வேலையில் முதல் எதிரி. ரெசினை மொத்தமாக ஊற்றினால், இறுகும் நேரத்தில் அந்தக் காற்று குமிழியாக வெளியே வந்து டயல் மேலேயே நின்றுவிடும். பிரஷர் பாட் (காற்றழுத்தம் ஏற்றும் மூடிய பாத்திரம்) வைத்திருப்பவர்கள் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வார்த்துக் குமிழிகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கிவிடுவார்கள். அதற்கென்று செய்த பாத்திரம் இல்லாமல் கையில் கிடைத்ததில் அழுத்தம் ஏற்றுவது ஆபத்து. நான் பொறுமை வழியில் போனேன். ரெசின் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இளக்கி, மெல்லிய தூரிகையால் சக்கரங்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய விட்டு, கடிகாரத்தைச் சாய்த்துச் சாய்த்துக் காற்றை வெளியேற்றினேன். இதை முதலில் ரிப்பேர் கடையில் கிடைத்த உதிரிக் கடிகாரம் ஒன்றில் செய்து பார்த்தேன். அது தெளிவாக வந்த பிறகுதான் ஜனதாவைத் தொட்டேன்.

கலவை விகிதத்தில் ஒரு எச்சரிக்கை. டப்பாவில் போட்டிருப்பது எடைக் கணக்கா, அளவுக் கணக்கா என்று பாருங்கள். ரெசினை விட ஹார்டனர் லேசானது, இரண்டு கணக்கும் ஒன்றாகாது. நான் வாங்கியது மெதுவாக இறுகும், கனமாக வார்ப்பதற்கான ரகம். வேகமான ரகத்தைக் கனமாக ஊற்றினால் தன் சூட்டிலேயே கொதித்து மஞ்சளாகும், வெடிப்பும் விடும். ஈரக்காற்றும் ஆகாது, மேலே வெண்மையாகப் படரும். அதனால் மாசி மாத வறண்ட நாளாகப் பார்த்து வார்த்தேன். நைட்ரைல் கையுறை கட்டாயம். எபாக்சி ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமல் போனால் பிறகு எப்போதுமே ஒவ்வாது.

முதலில் 12 மி.மீ. உயரத்துக்கு ஊற்றினேன். அது அல்வா பதத்துக்கு வந்ததும், கடிகாரத்தை நிமிர்த்தி அதன் மேல் நிறுத்தினேன். ஒரு பக்கம் டயல், மறுபக்கம் சக்கரங்கள். பிசுபிசுப்பு இருக்கும்போதே அடுத்த அடுக்கை ஊற்றினால் இணைப்புக் கோடு தெரியாது. கடைசியாகக் கறுப்பு ரெசின், அதில் பித்தளைத் துண்டு. மரைக்குள் ரெசின் புகாமல் இருக்க, கிரீஸ் தடவிய போல்ட்டைத் திருகி, ஒரு சட்டத்தில் நேராகத் தொங்க விட்டேன்.

அச்சைப் பிரித்ததும் அவசரப்படவில்லை. சாதாரண எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். அதனால் குண்டு பல்பு போட்ட பெட்டிக்குள் வைத்து, தெர்மாமீட்டர் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சூடேற்றிப் பதப்படுத்தினேன். இப்படிச் செய்தால் தாங்கும் வெப்பநிலை கொஞ்சம் உயரும். பிறகு வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாள், சொரசொரப்பான 400-ம் எண்ணில் தொடங்கி மிக மென்மையான 2000 வரை, எல்லாம் தண்ணீர் தொட்டுத்தான். தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட். மஞ்சளாவதைத் தள்ளிப்போட, கார் பெயின்டரிடம் கொடுத்து புறஊதாக் கதிர் தாங்கும் கிளியர் கோட் அடித்தேன்.

மாட்டும்போது ஒரு நுணுக்கம். நாபை முழுக்க இறுக்கினால் டயல் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் கம்பியில் முதலில் ஒரு மெல்லிய நட்டை ஏற்றி, டயல் ஓட்டுபவரைப் பார்க்கும் இடத்தில் நாபை நிறுத்தி, நட்டைக் கீழிருந்து மேலே இறுக்கிப் பூட்டினேன். நட்டு ரப்பர் உறைக்குள் மறைந்துவிட்டது. மூன்றாவது கியருக்குத் தள்ளும்போது உள்ளங்கையில் நல்ல கனம் தெரிகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் சக்கரங்கள் அவர் பக்கம். டயலையும் பார்க்க வேண்டும் என்று எட்டி எட்டிப் பார்க்கிறார்.

பாக்கி இருப்பவை: கியர் வரிசை இப்போது நாபில் இல்லை. வேறு யாராவது ஓட்டினால் குழம்பக் கூடாது என்பதால், சின்னப் பித்தளைத் தகட்டில் பொறித்து கன்சோலில் ஒட்டப்போகிறேன். அப்புறம் வெயில். தெளிவான உருண்டை சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும், சீட் துணி கருகக்கூட வாய்ப்புண்டு. வண்டியை நிறுத்தும்போது போட்டு மூட, கெட்டிக் காடாத் துணியில் ஒரு உறை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை நிழலில் மட்டும்தான் நிறுத்துகிறேன்.