கல்லிடுக்குல பூக்கற செடி உண்மையில என்ன பண்ணுது

கல்லிடுக்குல ஒத்தப் பூ நிக்கிற ஃபோட்டோ போட்டு "எது வந்தாலும் தாங்கிக்கோ"ன்னு எழுதி அனுப்புவாங்க, கஷ்டத்துல இருந்த எல்லாருக்கும் இது ஒரு தடவையாவது வந்திருக்கும். அன்போடதான் அனுப்பறாங்க. ஆனா அந்த மாதிரி இடத்துல செடிங்க எப்படி பிழைக்குதுன்னு படிக்க ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு அந்த வரி மனசுல ஒட்டவே மாட்டேங்குது, ஏன்னா அதுங்க பல்லக் கடிச்சிட்டு நிக்கறதே இல்ல.

சிலி நாட்டுல இருக்கற அட்டகாமா பாலைவனத்த எடுத்துக்கோங்க. அங்க சில இடத்துல வருஷக்கணக்கா மழைன்னு ஒண்ணு இருக்காது, ஆனா எல் நினோ (பசிபிக் கடல் சில வருஷம் வழக்கத்தவிட சூடாகறது) வந்து நல்லா கொட்டுன வருஷம், 2015ல நடந்துச்சே அந்த மாதிரி, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் ரோஸ் கலர்ல பூவா கிடக்கும். அந்த விதையெல்லாம் அத்தன வருஷமும் மண்ணுக்குள்ளதான் இருந்துச்சு. பாலைவனத்துச் செடிங்க பலதோட விதையில முளைக்க விடாம தடுக்கற ரசாயனம் இருக்கும், சும்மா தூறல் போட்டா அது போகாது, நல்லா ஊறி கழுவிட்டுப் போற அளவுக்கு மழை பெஞ்சாதான் முளை வெளிய வரும், அதாவது பூத்து விதை போடற வரைக்கும் தாக்குப் பிடிக்கற அளவு தண்ணி இருந்தாதான். இதவிட எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, அவ்ளோ நல்ல மழையிலயும் எல்லா விதையும் முளைச்சிடாது. ஒரு பங்கு அப்படியே மண்ணுலயே தங்கிடும், இந்த வருஷம் முளைச்சதெல்லாம் கருகிட்டாலும் அடுத்த மழைக்கு ஏதாவது மிச்சம் இருக்கணும்ல. இருக்கற தெம்ப மொத்தமா ஒரே மூச்சுல கொட்டித் தீத்துட்டு அப்புறம் எழுந்திரிக்கவே முடியாமப் போனவங்கள பாத்திருக்கேன், அவங்ககிட்டல்லாம் உட்காந்து இதச் சொல்லணும்னு தோணும்.

ஸ்விட்சர்லாந்துல டோம்னு ஒரு சிகரம், அங்க 4,500 மீட்டர் உயரத்துல கூட ஊதா சாக்ஸிஃப்ரேஜ்னு ஒரு செடி இருக்கு. சில சென்டிமீட்டர்தான் உயரம். மெத்தை மாதிரி தரையோட தரையா நெருக்கமா படர்ந்துக்கும், காத்து மேலயே போயிடும், வெயில் அடிச்சா அந்த சூடு உள்ள நிக்கும். மொட்ட முந்தின வருஷமே கட்டி வச்சுக்கும், பனி விலகுனதும் உடனே பூ.

அந்த ஃபோட்டோவுல எனக்கு இருக்கற பெரிய வருத்தம் "ஒத்தையா" நிக்கற மாதிரி காட்டறதுதான். அமெரிக்காவுல செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18 அன்னைக்கு வெடிச்சு ஒரு பக்கம் முழுக்க சாம்பலும் நுரைக்கல்லுமா ஆயிடுச்சு, செடிக்கு வேண்டிய நைட்ரஜன் அதுல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அங்க முதல்ல வந்து பிடிச்ச செடிகள்ல ஒண்ணு லூபின். அது எப்படின்னா அதோட வேர் முடிச்சுல பாக்டீரியா குடியிருக்கு, காத்துல இருக்கற நைட்ரஜன அது எடுத்துக் குடுக்கும், செடி பதிலுக்கு சர்க்கரை குடுக்கும். அந்த லூபின் செத்து மக்கினதும் மண்ணுக்குச் சத்து சேரும், காத்துல பறந்து வர்ற மத்த விதையும் அங்க மாட்டி முளைக்கும்.

இதெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறம் யாராவது ரொம்ப நொடிஞ்சு போய் பேசுனா நான் முதல்ல கேக்கறதே மாறிடுச்சு. கூட யாரு இருக்கா, இப்போதைக்கு எதத் தள்ளிப் போடலாம், இந்த ரெண்டுதான் கேக்கறேன். நிறைய பேருக்கு ரெண்டாவது கேள்விக்குத்தான் அழுகையே வருது, தள்ளிப் போடலாம்னு அதுவரைக்கும் யாருமே அவங்ககிட்ட சொன்னதில்ல.