ரெஃப்ரி பாக்கெட்டுல இருக்குற கதைங்க

சில வருஷம் முன்னாடி ஒரு சின்ன மேட்ச்சுக்கு ரெஃப்ரி வரலைன்னு விசிலை என் கையில குடுத்துட்டாங்க. இத்தனை வருஷமா ஃபுட்பால் பாக்குறோம், ரூல் எல்லாம் தெரியும்னு நம்பித்தான் உள்ள போனேன். பத்தே நிமிஷம். பாஸ் குடுக்குறவன் கால்ல இருந்து பந்து கெளம்புற நொடியையும் பாக்கணும், அதே நொடியில முப்பது மீட்டர் தள்ளி கடைசி டிஃபெண்டர் எங்க நிக்கிறான்னும் பாக்கணும், கண்ணு ரெண்டு இருந்தாலும் பார்வை ஒண்ணுதானே, பந்தைப் பாத்துட்டு தலையைத் திருப்புறதுக்குள்ள ஃபார்வர்ட் ரெண்டு அடி ஓடிடுறான். பாஸ் கெளம்புற நொடியில ஃபார்வர்ட் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்னா அதுதான் ஆஃப்சைட், கோல் செல்லாது. அன்னிக்கு நான் குடுத்த ஒரு கோல் ஆஃப்சைடான்னு இன்னமும் எனக்குத் தெரியாது. அதுல இருந்து வேர்ல்ட் கப் மேட்ச் எது பாத்தாலும் டீம் லிஸ்ட்டுக்கு முன்னாடி ரெஃப்ரி பேரைத் தேடுற பழக்கம் வந்துடுச்சு, பழைய வேர்ல்ட் கப் ரெஃப்ரிங்களைப் பத்தியும் தேடித்தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

படிக்கப் படிக்க ஒண்ணு தெளிவா தெரிஞ்சுது. இன்னிக்கு ரெஃப்ரி கையில, காதுல, பாக்கெட்டுல இருக்குற ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு ரெஃப்ரிக்கு நடந்த ரொம்ப மோசமான ஒரு நாள்ல இருந்து வந்ததுதான்.

மஞ்சள் கார்டு, சிவப்பு கார்டையே எடுத்துக்கோங்க. 1962, சிலி வேர்ல்ட் கப், சாண்டியாகோவுல சிலிக்கும் இத்தாலிக்கும் மேட்ச். இத்தாலி பத்திரிகைக்காரங்க ரெண்டு பேர் சாண்டியாகோ ஊரைக் கேவலமா எழுதிட்டாங்கன்னு ஊரே கொதிச்சுப் போயிருக்கு. ரெஃப்ரி இங்கிலாந்துக்காரர் கென் ஆஸ்டன், ஸ்கூல் வாத்தியார். மேட்ச் ஆரம்பிச்ச சில நொடியிலேயே முதல் ஃபவுல். கொஞ்ச நேரத்துல ஃபெர்ரினிங்கிற இத்தாலி ப்ளேயரை வெளிய போகச் சொல்றார், அவன் போகமாட்டேங்குறான், போலீஸ் உள்ள வந்து இழுத்துட்டுப் போறாங்க. அப்புறம் சிலியோட லியோனல் சான்செஸ் இத்தாலியோட மாரியோ டேவிட் மூஞ்சியிலேயே குத்துறான், சான்செஸை ரெஃப்ரி வெளிய அனுப்பல. திருப்பி சான்செஸை எட்டி ஒதைச்ச டேவிட் வெளிய. ஒம்போது பேரோட ஆடின இத்தாலி 2-0ன்னு தோத்துது. 'சாண்டியாகோ போர்'னு இன்னிக்கும் அதுக்குப் பேர். அந்த வீடியோவைப் பாக்குறப்ப ஆஸ்டன் மேல எனக்கு கோவம் வரல, பாவமா இருந்துச்சு. அந்தக் கூச்சல்ல, பாஷை தெரியாத ஆளுங்க கிட்ட, வெறும் வாயாலயும் கையாலயும் "நீ வெளிய போ"ன்னு சொல்லி எப்படிப் புரிய வைக்கிறது?

நாலு வருஷம் கழிச்சு 1966ல அதே ஆஸ்டன் இங்கிலாந்து வேர்ல்ட் கப்புல ரெஃப்ரிங்க எல்லாருக்கும் பொறுப்பா இருக்கார். கால் இறுதி, இங்கிலாந்து அர்ஜென்டினா, ரெஃப்ரி மேற்கு ஜெர்மனியோட க்ரைட்லைன். அர்ஜென்டினா கேப்டன் ராட்டின் விடாம வாதாடிட்டே இருந்ததுக்காக அவரை வெளிய அனுப்புறார், ஆனா க்ரைட்லைனுக்கு ஸ்பானிஷ் தெரியாது, ராட்டினுக்கு ஜெர்மன் தெரியாது, மொழிபெயர்க்க ஆள் கொண்டு வாங்கன்னு ராட்டின் நின்ன எடத்துலயே நிக்கிறார், மேட்ச் பல நிமிஷம் அப்படியே நிக்குது. கடைசியில ஆஸ்டனே கிரவுண்டுக்குள்ள வந்து பேச வேண்டியதா போச்சு. இதுல இன்னொரு கூத்து, சார்ல்டன் அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ரெஃப்ரி எச்சரிச்சு எழுதிக்கிட்டார்ங்கிற விஷயமே இங்கிலாந்துக்கு மேட்ச் முடிஞ்ச அப்புறம்தான் தெரியுது. அந்த மேட்ச்சை மனசுல போட்டு உருட்டிக்கிட்டே ஆஸ்டன் லண்டன்ல கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்ல கார் ஓட்டிட்டுப் போறப்ப சிக்னல் மஞ்சள்ல இருந்து சிவப்புக்கு மாறுது. மஞ்சள்னா நிதானம், சிவப்புன்னா நில்லு. இதுக்கு எந்த பாஷையும் வேணாமே! 1970 மெக்சிகோ வேர்ல்ட் கப்புல கார்டு வந்துடுச்சு. அந்த வேர்ல்ட் கப் முழுக்க ஒரு சிவப்பு கார்டு கூட வெளிய வரல. முதல் சிவப்பு 1974ல, துருக்கி ரெஃப்ரி டோகான் பாபாஜான் காட்டினார், வாங்கினது சிலியோட கார்லோஸ் காஸ்ஸேலி. சாண்டியாகோவுல ஆரம்பிச்ச விஷயம் மறுபடியும் ஒரு சிலி ப்ளேயர் கிட்ட போய் நிக்குது பாருங்க.

அடுத்தது 2010, தென்னாப்பிரிக்கா, ஜூன் 27. ஒரே நாள்ல ரெண்டு மேட்ச், ரெண்டுலயும் ரெஃப்ரி தலையில இடி. மதியம் ப்ளூம்ஃபான்டெய்ன்ல ஜெர்மனி 2-1ன்னு முன்னாடி இருக்கு, இங்கிலாந்தோட லாம்பார்ட் அடிச்ச பந்து மேல் கம்பியில பட்டு கோட்டுக்கு நல்லா உள்ள விழுந்து வெளிய எகிறுது, உருகுவே ரெஃப்ரி லாரியோண்டாவும் பாக்கல, லைன்ஸ்மேனும் பாக்கல, கோல் இல்ல. இங்கிலாந்து 4-1ன்னு தோத்துது. இது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு அதை விட மனசை உறுத்துறது அன்னிக்கு ராத்திரி ஜோஹன்னஸ்பர்க்ல நடந்தது. அர்ஜென்டினா மெக்சிகோ மேட்ச்சுல மெஸ்ஸி தூக்கிக் குடுக்க டெவஸ் தலையால அடிச்சு கோல், ஆனா தெளிவான ஆஃப்சைட். அந்த கோலை ஸ்டேடியம் பெரிய ஸ்க்ரீன்ல திரும்பப் போட்டுட்டாங்க. மெக்சிகோ ப்ளேயர்ஸ் ஸ்க்ரீனைக் காட்டிக் காட்டிக் கத்துறாங்க, இத்தாலி ரெஃப்ரி ரொசெட்டி லைன்ஸ்மேன் கிட்ட போய்ப் பேசுறார், தப்புன்னு ஸ்டேடியத்துக்கே தெரியுது, ஆனா வீடியோ பாத்து முடிவு மாத்த அப்ப ரூல் இல்ல. அந்த ரெண்டு பேர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. கண்ணு முன்னாடி விடை தொங்குது, அதை எழுதக் கூடாது.

2014ல பந்து கோட்டைத் தாண்டுச்சான்னு சொல்ற கோல் லைன் டெக்னாலஜி வந்துச்சு, ஃப்ரான்ஸ் ஹோண்டுராஸ் மேட்ச்சுல முதல் தடவை அதை வச்சு கோல் குடுத்தாங்க. 2018ல விஏஆர், அதாவது வீடியோ பாத்து ரெஃப்ரி முடிவைச் சரிபாக்குற முறை. அந்த விஏஆர் வேலையை ஃபிஃபாவுல முன்ன நின்னு நடத்தினது யார் தெரியுமா? அதே ரொபர்ட்டோ ரொசெட்டி. இதைப் படிச்சப்ப நான் கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன். விஏஆர் ஆட்டத்தோட வேகத்தைக் கெடுக்குதுன்னு சொல்றவங்க கிட்ட எனக்கு சண்டை இல்ல, 2018ல 29 பெனால்டி வந்துச்சு, அதுவரைக்கும் எந்த வேர்ல்ட் கப்புலயும் அவ்வளவு வந்ததில்ல. ஆனாலும் அந்த ஸ்க்ரீனுக்குக் கீழ நின்ன ஆளை நினைச்சா, விஏஆர் வேணும்னு தான் நான் சொல்வேன்.

இப்ப கொஞ்சம் சில்லறையா, எனக்குப் பிடிச்சதெல்லாம் சொல்லிடுறேன். 1930 முதல் ஃபைனல், உருகுவே அர்ஜென்டினா, பெல்ஜியம் ரெஃப்ரி லாங்கெனஸ் தன் உயிருக்குப் பாதுகாப்பு வேணும், மேட்ச் முடிஞ்சதும் கெளம்ப துறைமுகத்துல கப்பல் தயாரா இருக்கணும்னு கேட்டு வாங்கிட்டுத்தான் விசில் ஊதினார். யார் பந்துல ஆடுறதுன்னு சண்டை வந்து, முதல் பாதி அர்ஜென்டினா பந்து, ரெண்டாவது பாதி உருகுவே பந்து. முதல் பாதி அர்ஜென்டினா 2-1, முடிவுல உருகுவே 4-2. கடைசி கோல் அடிச்ச ஹெக்டர் காஸ்ட்ரோவுக்கு ஒரு முன்கை கிடையாது, சின்ன வயசுல மெஷின் ரம்பத்துல போயிடுச்சு. 1974 ஃபைனல்ல ரெஃப்ரி ஜாக் டெய்லர், தொழில் கறிக்கடை, கிக் ஆஃப் நேரத்துல பாத்தா கார்னர் கொடி ஒண்ணு கூட இல்ல, அதை நட்டு முடிக்கிற வரைக்கும் மேட்ச்சை நிறுத்தி வச்சுட்டார். அப்புறம் ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஹாலந்துக்குப் பெனால்டி, மேற்கு ஜெர்மனி ப்ளேயர் ஒருத்தன் கால்லயும் அதுவரைக்கும் பந்து படல. சொந்த மண்ணுல ஆடுற டீமுக்கு எதிரா ஃபைனல்ல அந்த முடிவு எடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேணும்! 2002ல நம்ம இந்தியாவுல இருந்து கோமளீஸ்வரன் சங்கர் அசிஸ்டண்ட் ரெஃப்ரியா வேர்ல்ட் கப் போனார், நம்ம டீம் போகாத எடத்துக்கு நம்ம கொடி பிடிக்கிறவர் போயிருக்கார், இது இன்னும் நிறைய பேருக்குத் தெரியணும். 2022 டிசம்பர் 1, கோஸ்டா ரிகா ஜெர்மனி மேட்ச்சுல ஸ்டெஃபனி ஃப்ராப்பார், கூட நெயூசா பாக், கேரன் டியாஸ், மூணு பொண்ணுங்க சேர்ந்து மேட்ச்சை நடத்தினாங்க. ஆண்கள் வேர்ல்ட் கப் ஆரம்பிச்சு அதுக்கு 92 வருஷம் ஆச்சு.

இங்கிலாந்து ரெஃப்ரி கிரஹம் போல் பத்தி சொல்லாம விட முடியாது. 2006, ஸ்டுட்கார்ட், குரோயேஷியா ஆஸ்திரேலியா. குரோயேஷியாவோட சிமுனிச்சுக்கு மூணு மஞ்சள் காட்டினார், ரெண்டாவதுலயே அனுப்பியிருக்கணும். ஆஸ்திரேலியாவோட மூணாம் நம்பர் பேர்ல அந்த ரெண்டாவதை எழுதிட்டார். சிமுனிச் பொறந்தது ஆஸ்திரேலியாவுல, பேச்சும் அப்படித்தான் இருக்கும், குரோயேஷியாவுக்கும் அவன் தான் மூணாம் நம்பர். நான் விசில் ஊதின அன்னிக்கு ரெண்டு பேர் பேரை மாத்தி எழுதினேன், அங்க கேமரா எதுவும் இல்ல. போலுக்கு உலகமே பாத்துட்டு இருந்துச்சு. அதோட இண்டர்நேஷனல் டோர்னமெண்டுக்கு விசில் ஊதுறதையே அவர் நிறுத்திட்டார்.

கடைசியா அலி பின் நாசர். துனிசியாக்காரர், 1986ல மெக்சிகோ அஸ்டெகா ஸ்டேடியத்துல அர்ஜென்டினா இங்கிலாந்து கால் இறுதிக்கு ரெஃப்ரி. மரடோனா கையால தட்டின கோலை குடுத்துட்டார்ங்கிற ஒரே காரணத்துக்காக உலகம் அவரை ஞாபகம் வச்சிருக்கு. அவர் லைன்ஸ்மேன் டோச்செவைப் பாத்தார், டோச்செவ் கொடியைத் தூக்கல, கோல். 2015ல மரடோனா துனிசியா போனப்ப அவர் வீட்டுக்கே போய் ஜெர்ஸி குடுத்தார். அந்த மேட்ச் பந்து பின் நாசர் கிட்டயே தான் இருந்துச்சு, 2022ல ஏலத்துல 20 லட்சம் பவுண்டுக்குப் போச்சு.

ஆனா அந்த மேட்ச்சுல நாலு நிமிஷம் கழிச்சு வந்த இன்னொரு கோலுக்கும் அவர் தான் ரெஃப்ரி. பாதி கிரவுண்டுல இருந்து மரடோனா ஓட ஆரம்பிச்சதும் ஒவ்வொருத்தனா கால் நீட்டுறான், எங்க வேணாலும் ஃபவுல்னு ஊதியிருக்கலாம், அட்வான்டேஜ், அதாவது ஃபவுலுக்கு ஊதாம ஆட்டத்தை ஓட விடுறது, அதைக் குடுத்துக்கிட்டே பின்னாடியே ஓடி வந்தேன்னு அவர் பேட்டியில சொல்லியிருக்கார். இன்னொரு தடவை அந்த கோலைப் போட்டுப் பாருங்க, இந்தத் தடவை மரடோனாவை விட்டுட்டு, பின்னாடி விசில் ஊதாம ஓடி வர்ற அந்த மனுஷனைப் பாருங்க.